காணாமல் போன முப்பத்தொன்றாம் தேதி

“உங்க புரோகிராமை எனக்குத் திறந்து காட்டுங்க.”

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, மென்பொருளைச் சோதித்துச் சான்று தரும் ஏஜென்சியின் முதலாளி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். கொக்கி அதைத்தான் முதலில் கேட்டாள். நாற்காலியில் இன்னும் உட்காரக்கூட இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டைரக்டர் பேனாவை மூடி வைத்தார். மென்பொருள் கம்பெனியே அவருடையதுதான். அறையின் குளிரும் அவருடையதுதான். ரிமோட் அவர் சட்டைப் பையில் இருந்தது.

“உங்களை அனுப்பினவர் இதைக் கேக்கச் சொன்னாரா?”

“கேக்கக் கூடாதுன்னு சொன்னார்.”

“அப்புறம்?”

“அவ்வளவு அழுத்திச் சொன்னதாலதான் கேக்கறேன்.”

பக்கத்தில் நின்ற சித்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கொக்கியின் அம்மாவுக்குக் கடைசித் தங்கை. கொக்கியைவிட ஆறு வயது மூத்தவள். வண்டி ஓட்டுவது, போட்டோ எடுப்பது, கூப்பிடாத இடத்தில் வாயைத் திறப்பது மூன்றும் அவள் பொறுப்பு. பிடித்ததை விடாத அக்கா மகளுக்குக் கொக்கி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

“என்ன குளிரு. நம்மளைக் கெடாம வெச்சிருக்காங்கடி” என்றாள்.

டைரக்டர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“இந்தாம்மா. ஆஸ்பத்திரிக்காரங்க வெளியாள் ஒருத்தர் பார்த்து, புரோகிராம் சரியா இருக்குன்னு எழுதித் தரணும்னு கேட்டாங்க. அதுக்குத்தான் நீ வந்திருக்கே. ரிப்போர்ட்டு அச்சடிச்சுக் கையிலயே குடுத்தாச்சு. படி, எழுது, கிளம்பு. நீ எந்தக் காலேஜ்?”

கொக்கி சொன்னாள்.

“கேள்விப்பட்டதே இல்லையே.”

“அது உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்காது. சரியாப் போச்சு.”

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் ஒரு குளிரறை. அதன் கதவு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதை இந்தக் கம்பெனியின் புரோகிராம்தான் பதிந்து வைக்கும். ஜனவரி இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணிக்குத் திறந்த கதவு மூன்று மணி வரை மூடவே இல்லை என்று பதிவு சொன்னது. உள்ளே இருந்த தடுப்பூசி மருந்து மொத்தமும் கெட்டது. சூடு பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் பெட்டிமேல் கறுத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கெட்ட மருந்தைக் குழந்தைகளுக்குப் போட்டும் விட்டார்கள். அத்தனை பிள்ளைகளையும் திரும்பக் கூப்பிட்டு மறுபடி குத்த வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை டூட்டியில் இருந்தவள் ஸ்டோர்க்காரம்மா. காலையிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ‘புரோகிராம் சரி’ என்று சாயங்காலத்துக்குள் ஒரு கையெழுத்து போய்விட்டால் வழக்கு அவள் தலையில்.

கொக்கி இங்கே வருமுன் அவளைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். ஸ்டோர்க்காரம்மா அழவில்லை, கும்பிடவில்லை. “என் டூட்டியில கதவு மூடித்தான் இருந்துச்சு. வேணும்னா எழுது, வேணாம்னா போ” என்றாள். கொக்கிக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வக்கீல் நம்பரையும் இன்ஸ்பெக்டர் நம்பரையும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

“ரிப்போர்ட்டைப் படிச்சாச்சு சார்” என்று தாளை மேசையில் போட்டாள். “பதினோரு மணிக்குக் கதவு திறக்குது. மூணு மணிக்குத்தான் மூடுது. சரியா?”

“சரி.”

“நடுவுல பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, ரெண்டு மணிக்கு ஒரு தடவை அதே கதவு திறந்திருக்கு. ஸ்டோர்க்காரம்மாவோட கதவுக் கார்டுலதான். திறந்து கிடக்கிற கதவை எதுக்குத் திறக்கணும்?”

“மறதியா இருக்கும்” என்றாள் சித்தி. “நான்கூட ஒரு தடவை குடிச்ச காபியை மறுபடி குடிக்கப் போயிருக்கேன்.”

“சென்சார் கோளாறு” என்றார் டைரக்டர். “அதெல்லாம் சகஜம். உனக்குப் புரியாது.”

“சென்சார்ல கோளாறு இருக்குன்னா புரோகிராம் சரின்னு நான் எப்படி எழுதறது?”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். குளிரறைக் கதவைவிட அது வேகமாக மூடியது.

“இதோ பாரு. அந்த வெள்ளிக்கிழமை நாங்க ஆஸ்பத்திரிப் பக்கமே போகல. திங்கட்கிழமைதான் போனோம், புது கேபிள் இழுக்க. நானே நின்னு வேலை வாங்கினேன். அதுக்குள்ள அந்தப் பொம்பளை மருந்தையெல்லாம் கெடுத்து முடிச்சிருந்தா. எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இதையும் சேர்த்து எழுதிக்கோ.”

“எழுதிக்கறேன்” என்றாள் கொக்கி. “புரோகிராமைக் காட்ட மறுத்தாங்கன்னும் சேர்த்து எழுதிக்கறேன்.”

அந்த ஒரு வரி போனால் ஆஸ்பத்திரி ஒப்பந்தம் போய்விடும். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இவளுக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்கிற அந்தப் பார்வை கொக்கிக்குப் பழக்கமானது; காலேஜ் அட்மிஷன் வரிசையிலேயே அறிமுகமாகிவிட்டது.

“காட்டறேன். பார்த்து ரசிச்சுட்டுப் போ” என்று இன்டர்காமை அழுத்தினார்.

*

வெளிக்கூடத்தில் கடைசி மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தடித்த கண்ணாடி. விரல் நகங்கள் ஒட்டக் கடிக்கப்பட்டிருந்தன. புரோகிராம் எழுதுகிறவள். டைரக்டர் அவளிடம் “கேக்கறதைக் காட்டு, கேக்காததைக் காட்டாதே” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

“உக்காருங்க” என்றாள் கண்ணாடிக்காரி. உட்கார நாற்காலி இல்லை.

கொக்கி குனிந்து திரையைப் பார்த்தாள். அச்சடித்த ரிப்போர்ட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் நாலு கட்டம் இருந்தது. இங்கே ஏழெட்டு இருந்தது. அதை மனதில் முடிந்துகொண்டு வேறு கேள்வி கேட்டாள்.

“ஜனவரி முப்பத்தொண்ணாம் தேதியைக் காட்டு.”

“அந்தத் தேதியில பதிவு எதுவும் இல்லை.”

“திங்கட்கிழமை. வேலை நாள். ஆஸ்பத்திரி ஸ்டோரை அன்னைக்குத் திறக்கவே இல்லையா?”

“இல்லை போல.”

“உங்க சார் அன்னைக்குப் போயி கேபிள் இழுத்தேங்கறார். கதவைத் திறக்காம சாவித் துவாரத்துல நுழைஞ்சாரா?”

“ஆளு அந்த அளவுக்கு மெலிசு இல்லையே” என்றாள் சித்தி.

கண்ணாடிக்காரி நகத்தைக் கடித்தாள். கொக்கி அவள் மேசையில் கையை ஊன்றினாள்.

“அழிச்சிட்டியா?”

“நான் எதையும் அழிக்கல.” சட்டென்று குரல் உயர்ந்தது. “பதிவு எண்ணிக்கையை எண்ணிப் பாருங்க. அன்னைக்கு இருந்ததும் இன்னைக்கு இருக்கறதும் ஒண்ணுதான். ஒண்ணுகூடக் குறையல. வந்தவங்க எல்லாரும் முதல்ல என் பேரைத்தான் சொல்றாங்க.”

“வேற யார் சொன்னாங்க?”

அவள் பார்வையைத் திரைக்குத் திருப்பிக்கொண்டாள்.

கொக்கி யோசித்தாள். பதிவு குறையவில்லை, ஆனால் ஒரு நாளே காணோம். ஆள் எண்ணிக்கை சரியாக இருந்து ஒரு அறை காலியாகக் கிடந்தால், அந்த அறைக்காரர்கள் பக்கத்து அறையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

“இந்தத் தேதிகளை யாராவது நகர்த்தினாங்களா?”

கண்ணாடிக்காரி கூடத்து வாசலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், எரிச்சலோடு, யாரோ பிடுங்கிக் கேட்பதைப் போலச் சொன்னாள்.

“பிப்ரவரி ஆரம்பத்துல ஒரு டெமோ. வேற ஒரு ஆஸ்பத்திரிக்காரங்க வந்தாங்க. பிப்ரவரி மாசத்து ரிப்போர்ட்டு முழுசா காட்டணும்னு சார் சொன்னார். மாசமே இப்பத்தான் பிறந்திருக்கு, எங்கிருந்து காட்டறது? ஜனவரிப் பதிவு எல்லாத்தையும் ஒரு மாசம் முன்னாடி தள்ளுன்னார். தள்ளினேன். அவங்க போனதும் ஒரு மாசம் பின்னாடி இழுன்னார். இழுத்துட்டேன். அவ்வளவுதான். கூட்டினதைக் கழிச்சா பழைய இடத்துக்கே வந்துடும்ல?”

“வந்துடும்ல” என்றாள் சித்தி. “பத்து ரூபா வாங்கி பத்து ரூபா குடுத்த மாதிரி.”

“மாசம் ரூபா இல்லை சித்தி” என்றாள் கொக்கி. திரையைச் சுட்டினாள். “முப்பத்தொண்ணு ஜனவரி. ஒரு மாசம் கூட்டு. இப்பவே.”

கண்ணாடிக்காரி தட்டினாள். ஒரு வரி வந்தது. பிப்ரவரி இருபத்தெட்டு.

“பிப்ரவரியில முப்பத்தொண்ணு கிடையாதே” என்று கண்ணாடிக்காரி தானாகவே விளக்கினாள். “அதனால கடைசி நாள்ல நிறுத்திக்கும். அது தப்பில்லை. எல்லா புரோகிராமும் அப்படித்தான்…”

“சரி. இப்ப அதுலேர்ந்து ஒரு மாசம் கழி.”

தட்டினாள்.

ஜனவரி இருபத்தெட்டு.

மூன்று பேரும் அந்த வரியையே பார்த்தார்கள். கண்ணாடிக்காரியின் விரல் கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. படித்த காலத்தில் பரீட்சைத் தாளில் எழுதித் தேறியிருப்பாள்; ஆனால் பரீட்சையில் யாரும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கவில்லை.

“என் புருஷன் வீட்டுக்கு ஒரு மாசம் போயிட்டுத் திரும்பினா நானும் இப்படித்தான் இளைச்சு வருவேன்” என்றாள் சித்தி. பிறகு திரையை நெருங்கிப் பார்த்தாள். “அப்ப பிப்ரவரி வீடு சின்னது. கடைசியா வந்தவனையும் இருபத்தெட்டாம் நம்பர் பாயிலயே படுக்க வெச்சிருக்கு. திரும்பிப் போகச் சொன்னப்ப, எவன் எந்த நம்பர்னு அதுக்கு மறந்துபோச்சு. எல்லாரையும் இருபத்தெட்டுன்னே அனுப்பிடுச்சு.”

“அதேதான்.”

“இடையில இருக்கற இருபத்தொம்போது, முப்பது?”

“சனி, ஞாயிறு. ஸ்டோர் பூட்டு. அதனாலதான் யாரும் கவனிக்கல” என்றாள் கண்ணாடிக்காரி. “திங்கட்கிழமைப் பதிவு எல்லாம் வெள்ளிக்கிழமை மேல போய் உக்காந்திருக்கு. மணி மட்டும் மாறல. அதான் ஒரே நாள்ல கலந்து…”

“அதான் திறந்து கிடந்த கதவை மறுபடி திறந்தாங்க” என்று கொக்கி முடித்தாள். “ரெண்டு வேற நாளு. ஒண்ணுல கதவு திறந்து கிடந்தது, இன்னொண்ணுல ஒழுங்கா மூடித் திறந்தது. எது எந்த நாள்?”

“தெரியாது. தேதி போயிடுச்சு. திரும்பக் கண்டுபிடிக்க வழியே இல்லை.”

“இந்தக் கட்டம் என்ன?”

அச்சடித்த ரிப்போர்ட்டில் இல்லாத கட்டம். நீளநீளமாக எண்கள்.

“அது… போன தடவை மூடினதுக்கும் இந்தத் தடவை திறந்ததுக்கும் நடுவுல எத்தனை நொடின்னு கதவே எண்ணி அனுப்பும். அதை யாரும் பாக்கறதில்லை.”

“அதை நகர்த்தினியா?”

“அது தேதி இல்லையே. அதை எதுக்கு நகர்த்தறேன்.”

கொக்கி முதல் தடவையாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. தேதி என்பது சொன்ன இடத்தில் போய் உட்காரும், தள்ளினால் நகரும். இத்தனை நேரம் கழித்து என்கிற கணக்கு அப்படியல்ல. எந்த மாதத்துக்குத் தூக்கிப் போட்டாலும் அது அதேதான்.

“பதினோரு மணிப் பதிவு. எத்தனை நொடி? மணிக்கணக்குல மாத்து.”

கண்ணாடிக்காரி மாற்றினாள். அறுபத்தாறு மணி நேரம்.

“வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஸ்டோர்க்காரம்மா கதவைத் திறந்து மூடினது இதோ இருக்கு. அன்னைக்கே பதினோரு மணிக்குத் திறந்திருந்தா நடுவுல மூணு மணி நேரம்தானே? அறுபத்தாறு எங்கேர்ந்து வந்துச்சு?”

சித்தி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். “இதோ, வெள்ளிக்கிழமை கடைசிப் பதிவு சாயங்காலம் அஞ்சு மணி. அப்பப் பூட்டிட்டுப் போனா… சனி… ஞாயிறு… திங்கட்கிழமை பதினோரு மணி. அடேங்கப்பா. அறுபத்தாறேதான்டி.”

“திங்கட்கிழமை ஸ்டோர்க்காரம்மா லீவு. ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க. இந்தப் பதிவுல இருக்கறதும் அவங்க கார்டு இல்லை, வெளியாளுங்களுக்குக் குடுக்கற பொதுக் கார்டு.”

கொக்கி போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள். ஒரு தடவை கட்டத்தை, ஒரு தடவை கூட்டிக் கழித்த வரிகளை. பிறகு கொஞ்ச நேரம் போனைக் குடைந்துகொண்டிருந்தாள். கண்ணாடிக்காரி அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

டைரக்டர் டீ குடித்து முடித்திருந்தார்.

*

“என்ன, ரசிச்சாச்சா?”

“திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் குளிரறைக் கதவைத் திறந்தது எந்தக் கார்டு சார்?”

“வெள்ளிக்கிழமைன்னு ரிப்போர்ட்டுல…”

“திங்கட்கிழமை. நீங்கதான் சொன்னீங்க, நானே நின்னு வேலை வாங்கினேன்னு. எழுதிக்கச் சொன்னீங்க, எழுதிட்டேன். கேபிள் இழுக்க ஆஸ்பத்திரியில குடுத்த பொதுக் கார்டு. நாலு மணி நேரம் கதவைத் திறந்து போட்டு வேலை பார்த்தது நீங்க. அது வெள்ளிக்கிழமை மேல போய் விழுந்ததுக்குக் காரணம் உங்க டெமோ.”

அவர் அதிர்ந்துபோவார் என்று சித்தி எதிர்பார்த்தாள். அதைப் பார்க்க வசதியாகக் கொஞ்சம் தள்ளிக்கூட நின்றாள். டைரக்டர் அதிரவில்லை. பக்கத்து மேசையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“பரவாயில்லையே. இந்தப் பொண்ணுக்கு மூணு நாள் ஆச்சு, உனக்கு அரை மணி நேரம்தான்.”

கொக்கி கண்ணாடிக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள்.

“போன வாரமே வந்து சொல்லிட்டா” என்றார் அவர். “சார், முப்பத்தொண்ணைக் காணோம், நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு அழுதா. அப்படியே விடு, வாயைத் திறந்தா உன் பேர்தான் வரும்னு சொன்னேன். புத்திசாலிப் பொண்ணு, புரிஞ்சுக்கிட்டா.”

கூடத்தில் மற்ற மேசைகளில் தட்டும் சத்தம் நின்றிருந்தது. யாரும் தலை தூக்கவில்லை.

“நான் தற்செயலா ஒரு ஏஜென்சியைப் பிடிச்சேன்னா நினைச்சே? உன் முதலாளிக்கு எல்லாம் தெரியும். உங்கிட்ட எதைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பச் சொன்னதே நான்தான்.” போனை எடுத்துச் சுழற்றி, ஸ்பீக்கரில் போட்டார். “பேசு.”

முதலாளியின் குரல் மேசைமேல் இருந்து கிளம்பியது. எப்போதும் போல அப்பா மாதிரி பேசினார்.

“ஏம்மா, சொன்னேன்ல? உன்னைச் சேர்த்தப்ப எத்தனை பேர் வேணாம்னாங்க தெரியுமா? பேர் தெரியாத காலேஜு, சிபாரிசு கிடையாது, வாய் ஜாஸ்தி. நான்தான் எடுத்தேன். உங்க வீட்டுல முதல் டிகிரி நீ. அதைக் கெடுத்துக்காதே. புரோகிராம் சரின்னு நாலு வரி. அந்தம்மாவுக்கு நான் ஒரு நல்ல வக்கீல் வெச்சுத் தரேன்.”

“அவங்களுக்கு வக்கீல் இருக்காங்க.”

“எதிர்த்துப் பேசாதே. கையெழுத்துப் போடறியா, இல்லை வேற ஆளை அனுப்பட்டுமா? வேற ஆளை அனுப்பினா நீ நாளையிலிருந்து வர வேணாம்.”

கொக்கி அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டைரக்டர் அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டார். ரிப்போர்ட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அவர் முகத்தில் இரக்கம்கூடத் தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“அந்த நொடிக் கணக்கு இருக்கே” என்றார், “அதை இப்பவே சுத்தம் பண்ணிடுவோம். ஒரு கட்டளை போதும். இந்தாம்மா, அந்தக் கட்டத்தை அழி.”

கண்ணாடிக்காரி உட்கார்ந்தாள். கீபோர்டில் கை வைத்தாள். கை நகரவில்லை.

“அழிச்சா, அழிச்சது யாருன்னு கேப்பாங்க” என்று அவளிடம் கொக்கி சொன்னாள். “இவர் உன் பேரைச் சொல்வார். அழிக்கலேன்னா, தள்ளச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. நீ இவர் பேரைச் சொல்லலாம்.”

“எனக்கு வேலை போயிடும்.”

“போகும்.”

“இவ்வளவுதான் சொல்வீங்களா?”

“வேற என்ன சொல்லணும்? போகாதுன்னு சொன்னா பொய். அங்க ஒருத்தி காலையிலேர்ந்து பெஞ்சில உக்காந்திருக்கா. போன வாரம் நீ அழுததை அவகிட்டப் போய் அழுதிருக்கலாம்.”

கண்ணாடிக்காரி கையை கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். அதற்குமேல் கொக்கி அவளைப் பார்க்கவில்லை.

“அழின்னு சொன்னேன்” என்றார் டைரக்டர்.

“அழிங்க சார், உங்க கையாலயே அழிங்க. நல்லா இருக்கும்” என்றாள் கொக்கி. “படம் அப்பவே போயிடுச்சு. ஸ்டோர்க்காரம்மா பக்கத்துல உக்காந்திருக்கற வக்கீலுக்கு ஒண்ணு, இன்ஸ்பெக்டருக்கு ஒண்ணு. நீங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள. அறுபத்தாறுன்னு வந்ததும் அனுப்பிட்டேன். யாரைக் கேட்டு அனுப்பணும்?”

ஸ்பீக்கரில் முதலாளி ஏதோ கேட்டார்.

“அப்ப இவ்வளவு நேரம் ஏன் நின்னே?” டைரக்டர் குரல் முதன்முதலாகக் கம்மியது.

“நீங்க ரெண்டு பேரும் என்ன சொல்றீங்கன்னு கேக்கத்தான். வாய்தா வாங்காம சொல்லிட்டீங்க. இங்க இத்தனை பேர் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.”

போனைப் பார்த்து, “நாளையிலேர்ந்து வரல சார்” என்றாள். “இன்னைக்கும் வரல.”

அந்த நாலு கட்ட ரிப்போர்ட்டு மேசைமேல் கிடந்தபடியே கிடந்தது. கொக்கி திரும்பினாள். பின்னால் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. யார் எழுந்தார்கள் என்று பார்க்க அவள் நிற்கவில்லை. சித்திதான் வாசல் வரை போய்த் திரும்பி, “சார், ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைங்க. வேர்க்குது உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு ஓடி வந்து சேர்ந்துகொண்டாள்.

மாடிப்படியில் இறங்கும்போது சித்தி மூச்சு வாங்கினாள்.

“ஏண்டி, உங்கம்மாகிட்ட என்னன்னு சொல்லப் போறே?”

“வேலையை விட்டுட்டேன்னு.”

“அடிப்பாடி.”

“அடிக்கட்டும். முதல்ல ஸ்டேஷனுக்குப் போகணும். படத்தை அனுப்பினா மட்டும் போதாது, நேர்ல போய் வாக்குமூலம் குடுக்கணும். வண்டியை எடு.”

“பெட்ரோல் இல்லை. காலையிலேயே சொன்னேன், நீதான் காதுல வாங்கல.”

கொக்கி வெயிலில் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

“தள்ளிக்கிட்டு வா” என்றாள்.